பாயிரம் முதல் கருவி விவரம் வரை: சென்னை நூலகர்கள் வகுத்த வழி

பயனர் சார்பில் வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று, அவ்வேலைக்கான மென்பொருள் கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது பொதுவாக அதன் நிரலைப் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அது செய்யும் வேலையைச் சொல்லும் சில வரிகள், கொடுக்க வேண்டிய உள்ளீடுகள் ஆகியவையே அதன் கண்ணில் படுகின்றன. 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மொழி மாதிரிகள் இவ்வாறு கருவிகளை அழைக்க வழி திறந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (Model Context Protocol) நெறிமுறையால், ஒருவர் எழுதிய கருவியை முன்பின் அறியாத இன்னொருவரின் முகவரும் எளிதாகப் பயன்படுத்த முடிந்தது. கருவிக்கு விவரம் எழுதுவது அதன்பின் தனி வேலையாயிற்று. இவ்வேலையின் அடிப்படைச் சிக்கல்களைச் சென்னை நூலகர்கள் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே சந்தித்துத் தீர்வு கண்டார்கள் என்பது என் கருத்து.

வேர் இன்னும் பழையது. ஒரு நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று இலக்கண நூலான நன்னூல் வரையறுக்கிறது. ஆசிரியர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, பெயர், யாப்பு, பேசும் பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டு அவை. நூலுக்குள் நுழையுமுன் அது தனக்கு உரியதுதானா என்று படிப்பவர் முடிவுசெய்ய இவை போதும்.

ஓலைச்சுவடிகள் நூலகங்களில் குவிந்தபோது இத்தேவை பெருகியது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும், 1886இல் பிரம்மஞான சபையின் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகமும் சுவடிகளுக்கு அட்டவணைகள் வெளியிட்டன. விளக்க அட்டவணை என்றால் ஏடுகளின் எண்ணிக்கை, எழுத்து, சிதைவு, நூலின் தொடக்கமும் முடிவும் எல்லாம் அதில் இருக்கும். எங்கோ தொலைவில் இருப்பவர் சுவடியைத் தொடாமலே, அது வேண்டுமா வேண்டாமா என்று இதை வைத்துத்தான் தீர்மானித்தார்.

இப்படி விவரிப்பதை ஓர் அறிவியலாக்கியவர் எஸ்.ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் வந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்கிறது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. முகவர்களுக்கு இவ்விரண்டும் அப்படியே பொருந்தும். விவரம் மங்கலாக இருந்தால் நல்ல கருவியும் அழைக்கப்படாமல் கிடக்கும். விவரம் நீண்டால், முகவர் ஒவ்வொரு முறையும் அதைச் சுமந்தாக வேண்டும், செலவும் கூடும்.

1933இல் வெளிவந்த அவருடைய நூல் வகைப்பாட்டு முறையான கோலன் பகுப்பு, கருவி விவரத்துக்கு இன்னும் நெருங்கி வருகிறது. இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி நடந்த ஆய்வு என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். உறுப்பு, நோய், சிகிச்சை, நாடு, காலம் என்று அதைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைக்கிறது அம்முறை. நன்கு எழுதப்பட்ட கருவி விவரமும் உள்ளீடுகளை இப்படித்தான் பிரிக்கிறது. "தேதி" என்று மட்டும் எழுதினால் 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று முகவர் ஊகிக்க வேண்டிவரும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையையும் சேர்த்து எழுதினால் அந்த ஊகத்துக்கு இடமில்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் நூலகர்களிடம் விடை இருந்தது. பேருந்து வழி தேடும் ஒரு கருவியிடம் பயணி தி.நகர் என்று கேட்பார். தரவில் தியாகராய நகர் என்று இருக்கும். நூற்பட்டியில் இதற்காகவே "காண்க" என்னும் பதிவு உண்டு. 1934இல் வந்த ரங்கநாதனின் பட்டியலாக்க விதிநூலும் இத்தகைய பதிவுகளுக்கு விதி வகுத்தது. மாற்றுப் பெயர்களை விவரத்திலேயே தருவது அதே உத்தி.

அவருடைய நெறிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடக்க நெறி: பகுப்பில் வரும் சொல் எதையும் புகழவோ இகழவோ கூடாது. தம் கருவியே சிறந்தது, எப்போதும் இதையே அழைக்கவும் என்று விவரத்தில் எழுதி முகவரைத் தம் பக்கம் இழுக்கும் போக்கு இன்று தலைகாட்டுகிறது. கட்டளைகளை மறைத்துவைத்து முகவரை ஏமாற்றும் தாக்குதல்களும் இவ்வழியாகவே நுழைகின்றன. இந்நெறியை மீறும் விவரத்தை நம்பக் கூடாது.

கணினி உலகம் தன் போக்கில் சென்று சில விடைகளைக் கண்டது. 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் இயக்குதளக் கையேட்டின் முதல் பதிப்பில், கட்டளையின் குறைகளைச் சொல்லவே ஒரு பகுதி இருந்தது. எது முடியாது என்பதையும் சொல்லும் இந்த நேர்மை நூற்பட்டிகளில் அரிது.

ஆனால் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. தவறான நூலை எடுத்த வாசகர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தவறான கருவியை அழைத்த முகவர் கோப்பை அழித்திருக்கும், பணத்தை அனுப்பியிருக்கும். ஆகவே பின்விளைவு என்ன, அதை மீட்க முடியுமா என்னும் இரண்டையும் கருவி விவரம் சொல்லியாக வேண்டும். பாயிரத்திலும் பட்டியலிலும் இல்லாத கூறு இது.

விவரம் எழுதும் வேலையை இன்று பெரும்பாலும் நிரலாளர்களே கடைசி நேரத்தில் அவசரமாகச் செய்துமுடிக்கிறார்கள். சென்னையிலுள்ள நூலக அறிவியல் துறைகள் கருவி விவரம் எழுதுவதைப் பாடமாக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்கள் பட்டியலாக்கம் பயின்றவர்களை இதற்குப் பணியில் அமர்த்த வேண்டும்.