தலைக்கு வந்தது

ஹெல்மெட் போட்டுக்கொள்ளச் சொன்னதற்காக, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மலையிறங்கும் மனிதர்கள் போராட்டம் நடத்தினார்கள் என்றால் நம்பச் சிரமம்தான். 1991 மார்ச்சில், பிரான்ஸின் பாரிஸ்–நீஸ் சைக்கிள் பந்தயத்தில் அது நடந்தது. உத்தரவு போட்டிருந்த சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ பணிந்து போனது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே பாரிஸ்–நீஸில் ஒருவர் விழுந்து இறந்தார். இரண்டு மாதம் முடிவதற்குள் பழைய உத்தரவு திரும்பி வந்தது. இம்முறை வீரர்கள் முணுமுணுத்துவிட்டு மாட்டிக்கொண்டார்கள். நடுவில் மாறியது என்ன என்பதில்தான் இந்த விதி பிறந்த கதை இருக்கிறது.

தலைக்கு ஏதாவது வேண்டும் என்ற நினைப்பு பழையது. அந்தக் காலத்துக் கவசத்தில், உள்ளே மெத்தென்று திணித்துத் தைத்த நான்கைந்து தோல் பட்டைகள் நெற்றியிலிருந்து பிடரிவரை ஓடும். தாடைக்குக் கீழே ஒரு வார். 'கொண்டை வலை' என்பது அதன் கேலிப்பெயர். சாலையில் உரசிக்கொண்டு போகும்போது தோல் உரியாமல் பார்த்துக்கொள்ளும். மண்டை நேராக மோதினால் அதனால் பெரிய பயனில்லை. பெல்ஜியத்தில் பந்தயம் என்றால் அதையாவது அணிய வேண்டும் என்பது விதி. அதனால்தான் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் அந்த ஊர்ப் படங்களில் தோல் பட்டையோடும், டூர் டி பிரான்ஸ் படங்களில் பெரும்பாலும் வெறுந்தலையோடோ பருத்தித் தொப்பியோடோ தெரிகிறார்.

சாவுகளுக்கும் குறைவில்லை. 1935 டூரில் கலிபியே மலையிறக்கத்தில் விழுந்த ஸ்பெயின் வீரர் பிரான்சிஸ்கோ செப்பேதா சில நாட்களில் இறந்தார். 1951 ஜூனில், துரின் நகரில், பந்தயம் முடியும் தறுவாயில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தார் செர்சே கோப்பி. பெரும் புகழ்பெற்ற ஃபவுஸ்தோ கோப்பியின் தம்பி. எழுந்து ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தவர் அன்றே மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார். 1984 ஏப்ரல் 30 அன்று போர்த்துகலின் அல்கார்வே பந்தயத்தில் முன்னிலையில் இருந்த ஜோவாகிம் அகொஸ்தின்யோ, குறுக்கே வந்த நாயில் மோதி விழுந்தார். சக வீரர்கள் தாங்கிப்பிடிக்க எல்லைக்கோட்டைக் கடந்தார். மண்டையோடு உடைந்திருந்தது, பத்து நாளில் உயிர் பிரிந்தது. விழுந்தவன் எழுந்து ஓட்டுவதை வீரம் என்று கொண்டாடிய தொழிலில், எழுந்தவனின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இதற்குள் மருந்து வந்துவிட்டிருந்தது. 1975இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் சைக்கிளுக்கென்றே ஒரு ஹெல்மெட்டை விற்கத் தொடங்கியது: வெளியே கெட்டியான ஓடு, உள்ளே நாம் தெர்மோகோல் என்று அழைக்கும் அதே நுரை. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதுபோல, நுரை நசுங்கும்போது தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் கிடைக்கிறது. ஒருமுறை நசுங்கினால் அந்த ஹெல்மெட்டைத் தூக்கியெறிய வேண்டியதுதான். 1980களில் ஜிம் ஜென்டிஸ் என்பவர் கெட்டி ஓட்டையும் கழற்றிவிட்டு, நுரைமேல் துணி மட்டும் போர்த்தி எடையைப் பாதியளவுக்குக் குறைக்க வழி கண்டார்.

ஆனாலும் பந்தய உலகம் ஹெல்மெட்டை மனமார ஏற்றது காற்றைக் கிழிப்பதற்காகத்தான். 1989 டூரின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் தனியோட்டம். 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், பின்பக்கம் கூராக நீண்ட ஹெல்மெட் அணிந்து வந்தார். முன்னிலையில் இருந்த பிரெஞ்சுக்காரர் லோரான் ஃபிஞோன் வெறுந்தலையோடு, கட்டிய பின்கூந்தல் காற்றில் அலைய ஓட்டினார். லெமாண்ட் எட்டே விநாடி வித்தியாசத்தில் டூரை வென்றார். கூந்தல்தான் தோற்கடித்தது என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. விநாடி மிச்சமாகும் என்றால் ஹெல்மெட் கனப்பதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. கூட்டமாக ஓட்டும் மற்ற நாட்களில் அதே தலைகள் வெறுமையாகவே இருந்தன.

1991 உத்தரவுக்கு எழுந்த ஆட்சேபங்களை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். ஜூலை வெயிலில் ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும், ஏற்றத்தில் வேகம் குறைந்து காற்றோட்டம் நின்றுவிடும், தலை கொதிக்கும். இது பொய்க் காரணம் அல்ல. 'என் தலை, என் விருப்பம்' என்ற வாதமும் இருந்தது. வெளியே வராத காரணம் இன்னொன்று: பக்கத்தில் ஓட்டுபவன் அணியாதபோது நான் மட்டும் அணிந்தால் சிரமம் எனக்கு, லாபம் அவனுக்கு.

1995 ஜூலை 18 அன்று அந்த விருப்பத்துக்கு விலை கேட்கப்பட்டது. டூரின் பதினைந்தாம் கட்டம், பிரெனே மலைகளில் போர்த்தே தஸ்பே என்ற செங்குத்தான இறக்கம். பலர் மொத்தமாக விழுந்தார்கள். பார்சிலோனா ஒலிம்பிக்கில் சாலைப் பந்தயத் தங்கம் வென்ற இத்தாலியர் ஃபாபியோ கசார்தெல்லியின் தலை சாலையோரக் கான்கிரீட் கட்டையில் மோதியது. ஹெல்மெட் இல்லை. வயது 24. மறுநாள் யாரும் போட்டி போடவில்லை. எல்லோரும் மெதுவாக ஓட்டி, அவருடைய மோட்டரோலா அணியினரை முன்னால் விட்டுக் கோட்டைக் கடந்தார்கள். உலகமே அறிந்த சாவு அது. இருந்தும் விதி வரவில்லை. அந்த மோதலில் ஹெல்மெட் காப்பாற்றியிருக்குமா என்ற விவாதம் கிளம்பியது, விவாதம் நீண்டது, முடிவு தள்ளிப்போனது.

2003 மார்ச் 11. பாரிஸ்–நீஸின் இரண்டாம் கட்டம், சான்-எத்தியென் நகரை நோக்கி. கசகஸ்தானின் அந்திரேய் கிவிலெவ், 2001 டூரில் நான்காம் இடம் பிடித்தவர், வேறு இருவரோடு மோதித் தலைகுப்புற விழுந்தார். பள்ளத்தாக்கு இல்லை, பயங்கர இறக்கம் இல்லை. எந்த நாளும் எவருக்கும் நேரக்கூடிய விழுகை. மற்ற இருவருக்கும் உயிராபத்து இல்லை. ஹெல்மெட் அணியாத கிவிலெவ் நினைவு திரும்பாமலே மறுநாள் இறந்தார், வயது 29. அவருடைய நண்பர் அலெக்சாந்தர் வினோகுரோவ் அதே பந்தயத்தின் மலைக் கட்டமொன்றை வென்று, நண்பரின் படத்தை உயர்த்திப் பிடித்தபடி கோட்டைக் கடந்தார். அந்த ஆண்டின் பாரிஸ்–நீஸ் பட்டமும் அவருக்கே.

கசார்தெல்லியின் சாவில் மலையைக் குற்றம் சொல்ல முடிந்தது. கிவிலெவ் விஷயத்தில் குற்றம் சொல்ல வெறுந்தலையைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. 2003 மே 5 அன்று யுசிஐயின் கட்டாய ஹெல்மெட் விதி அமலுக்கு வந்தது. சில நாளில் தொடங்கிய இத்தாலியச் சுற்றுப்பந்தயம்தான் அதைச் சந்தித்த முதல் பெரிய போட்டி. விதியோடு ஒரு சலுகையும் இருந்தது. பந்தயம் மலையுச்சியில் முடிந்து, அந்தக் கடைசி ஏற்றம் ஐந்து கிலோமீட்டராவது இருந்தால், ஏறத் தொடங்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றிவிடலாம். வெயில் வாதத்துக்குக் கொடுத்த விட்டுக்கொடுப்பு அது. பின்னால் அந்தச் சலுகையும் எடுக்கப்பட்டது; பெரிதாக யாரும் சண்டைக்கு வரவில்லை. ஹெல்மெட்டுகளில் காற்று புக ஏராளமான துளைகள் வந்துவிட்டிருந்தன.

ஏன் 1991இல் கூடாதது 2003இல் கூடியது? அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் இந்தப் புதிருக்கு 1973லேயே விடை எழுதிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஐஸ் ஹாக்கி வீரர்களை. தனித்தனியாக விட்டால் பெரும்பாலோர் ஹெல்மெட் அணிய மாட்டார்கள். எல்லோருக்கும் கட்டாயமா என்று ரகசிய வாக்கெடுப்பு வைத்தால் அவர்களே ஆமாம் என்பார்கள். இரண்டும் முரண் இல்லை. நான் மட்டும் அணிந்தால் எனக்கு நஷ்டம். எல்லோரும் அணிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஷெல்லிங்குக்கு 2005இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. சைக்கிள் வீரர்களுக்குத் தைரியமோ அறிவோ குறைவாக இருந்ததில்லை. முதலில் அணிபவன் ஏமாளியாகாமல் இருக்க ஒரு விதி தேவைப்பட்டது.

ஹெல்மெட்டால் ஆகக்கூடியதற்கு எல்லை உண்டு. ஐரோப்பியத் தரச்சோதனையில் அது தட்டையான இரும்புப் பரப்பில் மோதும் வேகம் விநாடிக்கு 5.42 மீட்டர், மணிக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலையின் வேகம் அது. சாலையில் சறுக்கிக்கொண்டு போகும்வரை இந்தக் கணக்கு கைகொடுக்கும். குறுக்கே ஒரு சுவரோ பாறையோ வந்தால் கணக்கு குலையும். 2011இல் இத்தாலியில் போக்கோ கணவாய் இறக்கத்தில் விழுந்து இறந்த வவுட்டர் வைலண்ட் ஹெல்மெட் அணிந்திருந்தார். விதி வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. சாலையும் தடுப்பும் வேகமும் தலைக்கு வெளியே இருக்கும் விஷயங்கள்.

அதனால் விதிகள் தொடர்ந்து வருகின்றன. 2020இல் போலந்தின் கத்தோவிட்ஸே நகரில் எல்லைக்கோட்டருகே தடுப்புகளுக்குள் தூக்கியெறியப்பட்ட ஃபாபியோ யாகோப்சென் உயிர் பிழைத்ததே பெரிது. மறு ஆண்டு வந்த பாதுகாப்பு விதிகளில் ஒன்றாக, சைக்கிளின் மேல்தண்டில் குந்திக்கொண்டு இறங்கும் முறையை யுசிஐ தடைசெய்தது. அதிலும் ஷெல்லிங்கின் கணக்குதான்: ஒருவன் விட்டால் விநாடிகள் போகும், எல்லோரும் விட்டால் எதுவும் போகாது.

இப்போது கோரிக்கை எழும் திசை மட்டும் மாறியிருக்கிறது. 2024 பாரிஸ்–ரூபே பந்தயத்தில், ஆரன்பெர்க் காட்டின் கரடுமுரடான கல் பாவிய சாலைக்குள் எல்லோரும் முழு வேகத்தில் பாய்வதைத் தடுக்க, அதன் வாசலுக்கு முன் கூர்மையான வளைவு ஒன்று அமைக்கப்பட்டது. கேட்டது வீரர்களின் சங்கமான சிபிஏ. ஒரு காலத்தில் பாதுகாப்பு விதியை எதிர்த்து நின்றவர்களின் வாரிசுகள்தான் இதைக் கேட்டார்கள். எல்லோருக்கும் பிடிக்கவில்லை, அப்போதைய உலகச் சாம்பியன் மத்தியூ வான் டெர் போல் பகிரங்கமாகவே கேலி செய்தார். பந்தய நாளில் அவரும் முன்னணிக் கும்பலோடு வேகத்தைக் குறைத்து அந்த வளைவில் திரும்பினார். பந்தயத்தை வென்றதும் அவர்தான்.