அருவருப்பு: பரிணாம வரலாறு

மலம், சீழ், அழுகிய இறைச்சி, புழு போன்றவற்றைப் பார்த்தாலோ முகர்ந்தாலோ தொட்டாலோ விலகத் தூண்டும் உணர்ச்சி அருவருப்பு. மூக்கு சுருங்கும், மேலுதடு உயரும், வயிறு குமட்டும். நோய்க்கிருமிகளையும் ஒட்டுண்ணிகளையும் தவிர்க்கவே இது உருவானது என்னும் கருத்து இன்று வலுவாக இருக்கிறது. ஆய்வாளர் வேலரி கர்ட்டிஸ் இதை முன்வைத்தவர்களில் முக்கியமானவர்.

சார்லஸ் டார்வின் 1872இல் மனிதர், விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி எழுதிய நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள தியெர்ரா தெல் ஃபுவேகோவில் அவர் பதப்படுத்திய இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தார். அவ்வூர்க்காரர் ஒருவர் அதை விரலால் தொட்டு, அதன் கொழகொழப்பில் முகம் சுளித்தார். டார்வினுக்கோ, அந்தக் கை அழுக்காகத் தெரியாதபோதும், அவர் தொட்டதே அருவருப்பாகிவிட்டது. முதல் சுளிப்பைப் பரிணாமத்தைக் கொண்டு விளக்கிவிடலாம். இரண்டாவதற்கு அக்காலத்து ஐரோப்பியரின் மேட்டிமை எண்ணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அருவருப்பின் மிகப் பழைய வடிவம் வாயில் இருக்கிறது. கசப்பு நாவில் பட்டதும் பச்சிளங்குழந்தை வாயைப் பிளந்து முகம் கோணும். எலியால் வாந்தியெடுக்க இயலாது. ஆனால் அதுவும் வாயைப் பிளக்கும். 1955இல் உளவியலாளர் ஜான் கார்சியா, சாக்கரின் கலந்த நீரைக் குடிக்கும் எலிகளைக் குமட்டலூட்டும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார். பிறகு அவை அந்த இனிப்பையே ஒதுக்கின. ஆனால் இவை சுவை வெறுப்புகளே. பண்டம் எதைத் தொட்டது, எங்கிருந்து வந்தது என்று எண்ணி ஒதுக்குவதையே உளவியலாளர்கள் பால் ரோசினும் ஏப்ரல் ஃபாலனும் 1987இல் அருவருப்பு என வரையறுத்தனர். அது மனிதருக்கே உரியது என்பது ரோசினின் நிலைப்பாடு.

குரங்குகளிடம் நடந்த ஆய்வுகள் இந்த எல்லைக்கோட்டை மங்கச் செய்துவிட்டன. ஜப்பானின் கோஷிமா தீவில் 1953இல் இமோ என்ற இளம் பெண் குரங்கு சர்க்கரைவள்ளிக்கிழங்கை நீரில் கழுவித் தின்னத் தொடங்கியது, கூட்டமும் கற்றுக்கொண்டது. அதே தீவில் செசில் சராபியனும் ஆண்ட்ரூ மெக்கின்டாஷும் மலத்தின் மீதும் பிளாஸ்டிக்கில் செய்த போலி மலத்தின் மீதும் தீனி வைத்துப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். கோதுமை மணியைக் குரங்குகள் தயங்கி விட்டுவிட்டன. நிலக்கடலை என்றால் எடுத்துத் தின்றன! ஆக, அருவருப்பு கண்மூடித்தனமான அனிச்சைச் செயல் அன்று; லாபநட்டம் பார்ப்பது. சுத்தம் பேணிய குரங்குகளின் குடலில் புழுத்தொற்று குறைவாக இருந்தது.

காபோன் நாட்டில் சிம்பன்சிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாதபடி பெட்டிக்குள் பிசைந்த மாவின் மேல் உணவு வைக்கப்பட்டது. கையில் அந்த ஈரமான மாவு பட்டதும் பல கையை இழுத்துக்கொண்டன. ஆனால் காட்டுச் சிம்பன்சிகள் தம் மலத்தில் செரிக்காமல் வரும் விதைகளைப் பொறுக்கித் தின்பதும் உண்டு. அந்நாட்டு மாண்ட்ரில் குரங்குகள் குடல் ஒட்டுண்ணி தொற்றிய துணைகளுக்குப் பேன் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. மலவாடையே அவற்றுக்கு அடையாளம். தாய்வழி நெருங்கிய உறவு என்றால் மட்டும் தொற்றைப் பொருட்படுத்துவதில்லை.

மூளையில் இன்சுலா என்னும் பகுதி இதில் பெரும் பங்கு வகிக்கிறது. மக்காக் குரங்குகளில் அதை மின்தூண்டினால் வாயிலிருக்கும் உணவைத் துப்பிவிடுகின்றன. மனிதர் தாமே அருவருக்கும்போதும், பிறர் முகம் சுளிப்பதைக் காணும்போதும் அது இயங்குவதை 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. அநீதியாக நடத்தப்படும்போதும் மேலுதட்டை உயர்த்தும் அதே தசை இயங்குவது 2009இல் பதிவானது. உணவுக்கான எச்சரிக்கை மனிதர்மேல் திரும்பும் வழி இங்கேதான் திறக்கிறது. தீண்டாமையை இயற்கையின் ஏற்பாடு என்று சொல்ல இதில் இடமில்லை. எவரைத் தீட்டு என்று ஒதுக்குவது என்பதைச் சமூகம்தான் கற்பிக்கிறது.

எக்வடோரின் சுவார் பழங்குடியினரிடம் செய்து 2021இல் வெளியான ஆய்வு, கோஷிமாவில் கண்ட லாபநட்டக் கணக்கை மனிதரிடமும் காட்டியது. அருவருப்பு மிகுந்தவர்களிடம் வைரஸ், பாக்டீரியத் தொற்றின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. தொற்றைத் தவிர்க்க வசதியுள்ள வாழ்க்கைமுறையில்தான் அருவருப்பும் கூடுதலாக இருந்தது. குடற்புழு விஷயத்தில் அத்தகைய பலன் தென்படவில்லை. புழு தொற்றும் மண்ணில் இறங்கி வேலை செய்யாமல் அவர்களால் பிழைக்க முடியாது.