மலைக்கு வழி சொன்னவர்கள்

எங்கள் ஊரில் மலை கிடையாது. மேல்பட்டாம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன் மேடையில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் கரும்பு, நெல், தென்னை. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம். ரெண்டு ஆற்றுக்கும் நடுவில் பாய் விரித்த மாதிரி கிடக்கும் ஊர். அக்கம்பக்கத்தில் மலை என்று பெயரோடு இருப்பது கடலூர் கேப்பர் மலை ஒன்றுதான். அதுவும் ஒரு செம்மண் மேடு. பைக் மூணாவது கியரிலேயே ஏறிவிடும்.

நாங்கள் மலைக்குப் போனதில்லையே தவிர, மலை எங்களிடம் வந்திருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. உள்ளே போய் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. பெண்ணையாற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது அந்தத் தண்ணீர்தான். அது வடிந்த பிறகு எங்கள் தெருத் தாத்தா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "இது நம்மூரு மழை இல்லடா. எங்கியோ மலையில பெஞ்ச மழை."

அந்த 'எங்கியோ'வைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் திட்டம் தொடங்கியது. ரெண்டு நாள், மூணு பேர், ரெண்டு வண்டி. ஒன்று நண்பனுடைய புல்லட். இன்னொன்று என் மாமாவின் ஆர்எக்ஸ் 100. 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. என்னைவிட வயசில் மூத்தது. ஆற்றை எதிர்த்தே போவது: பண்ருட்டி, திருக்கோவிலூர், திருவண்ணாமலை, செங்கம். இரவு அங்கே தங்கல். மறுநாள் சாத்தனூர், மூங்கில்துறைப்பட்டு, சங்கராபுரம் வழியாகக் கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. இறங்கிக் கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாக வீடு.

போனில் பாதையைப் போட்டுப் பார்த்தால் நீலக் கோடு ஒன்று வரும். எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். அந்தக் கோட்டின் மேல் யார் நடந்தார்கள், யார் நடக்க விடப்படவில்லை என்று அது சொல்லாது. அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ஒரு பழைய ரூட்

நாங்கள் போட்ட பாதையில் முதல் நாளுக்கு ஏற்கெனவே ஒரு வழிகாட்டி இருந்தது. பெயர் மலைபடுகடாம்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. 583 அடிகள். எழுதியவர் இரணியமுட்டத்துப் பெருங்கௌசிகனார். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இல் அச்சில் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது 'கூத்தராற்றுப்படை என்றும் பெயர் உண்டு' என்கிற ஒரு மதிப்பெண் கேள்விக்காக. ஆனால் உள்ளே இருப்பது மலைப்பாதைப் பயணத்துக்கான முழுத் திட்டம். நன்னன் என்கிற தலைவனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், பசியோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். நன்னனின் ஊர் செங்கண்மா. இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்கிறார்கள். சேயாறும் வருகிறது, இப்போது நாம் செய்யாறு என்கிறோம்.

அந்தக் கூத்தன் பேசுவது காட்சியைப் பற்றி மட்டுமில்லை, ஆபத்தைப் பற்றியும்தான். காட்டுப்பன்றிக்கு வைத்த கல்பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே இருட்டில் போகாதே, விடிந்த பிறகு கிளம்பு. குழிகளில் பாம்பு இருக்கும், பார்த்து வை. தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள். வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள். குறவர்களே திகைக்கும் அளவுக்கு மலை குழப்பினால் அலையாதே. அகலமான பாறை ஒன்றில் கூடி உட்கார்ந்து உன் வாத்தியங்களை வாசி, சத்தம் கேட்டு மலைக்காரர்கள் வந்து வழிகாட்டுவார்கள்.

இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிக்னல் போனால் என்ன செய்வது என்று நாங்கள் மூணு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருந்தோம். ஆப்லைன் மேப், பவர் பேங்க், இன்னொரு சிம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் சொன்ன பதில் இதைவிட எளிது: உட்காரு, சத்தம் போடு, அங்கே இருக்கிறவனை நம்பு.

பாட்டு முழுக்க அந்த நம்பிக்கை ஓடுகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று கூத்தன் சொல்லிக்கொண்டே போகிறான். தினைச்சோறு, இறைச்சி, மூங்கில் குழாயில் முதிர்ந்த கள், மோர். நன்னனின் ஆட்கள் என்று சொன்னால் போதும், உறவுக்காரர் மாதிரி உபசரிப்பார்கள் என்கிறான். மலை என்றால் அங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பாட்டுக்கு முதல் தகவல். நம்முடைய ரீல்ஸில் மலை என்றால் பனி, வளைவு, அருவி. ஆள் இருந்தால் ஃப்ரேமைத் திருப்பிவிடுகிறோம்.

வழியோரத்தில் நடுகற்கள் நிற்கும், அவற்றை வணங்கிவிட்டுப் போ என்றும் பாட்டு சொல்கிறது. செங்கம் பகுதியில் அவை இன்றும் நிற்கின்றன. தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. ஆநிரை கவர்ந்தவரை எதிர்த்தும், ஆநிரை மீட்கப் போயும் செத்தவர்களின் கற்கள் நிறைய. எடுத்தனூரில் இருப்பது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, மகேந்திரவர்மன் காலம். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். ரெண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ராஜாக்களின் மெய்க்கீர்த்தியை விட்டுவிட்டு ஒரு நாயின் பெயரைப் பதின்மூன்று நூற்றாண்டு தாண்டிக் கொண்டுவந்த பாதை இது. எங்கள் பட்டியலில் முதல் நிறுத்தம் அதுதான்.

ரெண்டாவது நாள்

"கல்வராயன் மலையா? அந்தச் சாராய மலைக்கா போறீங்க?" என்று கேட்டார் அம்மா.

அவரைக் குறை சொல்ல முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு செய்திகளில் இந்த மலையின் பெயர் வந்தபோதெல்லாம் கூடவே சாராயம் வந்தது. ஆனால் அந்தச் சாவுகளுக்குப் பின்னால்தான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஏன் இல்லை என்று அரசைக் கேட்டது. பதில் தேடினால் 1976-க்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடிகள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது; மலையை ஆள்பவர்கள் என்பார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், அண்ணன் தம்பிகள் பிரிந்து ஆளுக்கொரு மலையேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை எல்லாம் அந்தக் கதைக்குள் வரும். அதாவது மலையின் பூர்வகதையே ஒரு பயணக் கதை.

ஆனால் மலை அவர்கள் கையில் இல்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. உழுபவர் ஜாகிர்தாருக்கு வரி கட்ட வேண்டும், கூலியில்லாமல் வேலையும் செய்ய வேண்டும். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். கல்வராயன் மலையை அரசு கையில் எடுத்தது 1976 ஜூன் 25-இல். இருபத்தெட்டு வருஷம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு எங்கள் ஆர்எக்ஸ் 100 காலைக்குள் ஏறிவிடும். ஒரு சட்டத்துக்கு இருபத்தெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

மலைப்பாதையைப் பற்றி நாம் பேசும்போது வளைவுகளை எண்ணுகிறோம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி என்று பெருமையாகச் சொல்கிறோம். மேலே இருப்பவர்களுக்குச் சாலை என்பது வேறு கணக்கு. கடுக்காயும் புளியும் தேனும் தலைச்சுமையாக இறங்கினால், அடிவாரத்து வியாபாரி சொல்வதுதான் விலை. திரும்பச் சுமந்துகொண்டு ஏற முடியாது என்று அவருக்குத் தெரியும். பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்க வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை செத்துப்போனது. உடலை எடுத்துவந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதியில் நின்றது. மிச்ச தூரத்தைத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். 'ஆஃப்ரோடு' என்று நாம் ஆசையாகத் தேடும் பாதை அது.

இதை எழுதும்போது எனக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. கரடுமுரடான ஒற்றையடிப் பாதை வேண்டும் என்பதற்காகவே இந்த மலையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். ஊட்டி மாதிரி கூட்டம் இல்லை, தார் போட்டு வழவழப்பாக்கவில்லை என்பதுதான் நாங்கள் கண்ட அழகு. அந்த அழகின் பாதி, அங்கே வந்துசேராமல் போன ஒரு சாலை.

எங்கள் ஊரிலிருந்து ஒருவர்

மேல்பட்டாம்பாக்கத்துக்கும் மலைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதி வித்தியாசத்தை அனுமதிக்கலாமா என்ற சண்டையில், கூடாது என்று சொல்லி வெளியேறினார். எங்கள் ஊரில் பெத்தானியா என்று ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1860-களில் டென்மார்க் மிஷன் அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த மிஷன்காரர்கள் பின்னால் சேர்வராயன் மலைக்கும் போனார்கள். அதே மிஷனைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் 1897-இல் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்டார்.

அவர்களுக்கும் மலையில் தேடுவதற்கு ஒன்று இருந்தது. கூத்தர்கள் பரிசுக்குப் போனார்கள், பாதிரிகள் சபைக்கு, வியாபாரிகள் கடுக்காய்க்கு. நாங்கள் படம் பிடிக்கப் போகிறோம். சமவெளிக்காரன் சும்மா மலை ஏறியதே இல்லை போலிருக்கிறது.

திட்டத்தில் செய்த திருத்தங்கள்

போக வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. போவதை மாற்றிக்கொண்டோம்.

பெட்ரோல் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலேயே நிரப்பிவிடுவது. மேலே பங்க் இருக்கும் என்று நம்பி ஏறுவதில்லை. ஆனால் சாப்பாடு கட்டிக்கொண்டு போவதில்லை. மேலே என்ன கிடைக்கிறதோ அதை அங்கேயே காசு கொடுத்துச் சாப்பிடுவது. தேனும் புளியும் வாங்கினால் பேரம் பேசுவதில்லை.

இறங்கும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியர். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் பிடிப்பு குறைவு, பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்று மாமா நாலு தடவை சொல்லிவிட்டார். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவன் வழி விட வேண்டும் என்பது சாலை விதியிலேயே இருக்கிறது. மேலே ஏறுவது மூட்டை ஏற்றிய டிவிஎஸ் 50-ஆக இருந்தாலும் புல்லட் ஒதுங்கி நிற்கும். ஆளைக் கேட்காமல் ஆளைப் படம் எடுப்பதில்லை. இருட்டில் மலைச்சாலை இல்லை. இது கூத்தன் சொன்னது.

கூத்தன் சொன்ன இன்னொன்றும் பட்டியலில் இருக்கிறது. பாதைகள் பிரிகிற இடத்துக்கு வந்தால், அந்தச் சந்தியைத் துடைத்துவிட்டு, சரியான வழியில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ என்கிறான். உனக்குத்தான் வழி தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு முடிச்சு? பின்னால் வருகிறவர்களுக்காக. வழி கேட்டுப் போனவன் வழி சொல்கிறவனாகவும் ஆக வேண்டும் என்பதுதான் அந்தப் பயணத்தின் ஒழுங்கு.

அந்த முடிச்சை நாங்கள் எப்படிப் போடுவது என்று பேசினோம். அருவிக்கு லொகேஷன் பின் போடுவது முடிச்சில்லை, அது கூட்டத்துக்கு விடும் அழைப்பு. எந்த ஊருக்குச் சாலை எந்த இடத்தோடு நின்றுபோகிறது, பஸ் எத்தனை தடவை வருகிறது, ஆம்புலன்ஸ் எதுவரை ஏறும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவது என்று முடிவு. அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறோம்.

பொங்கல் கழிந்து வரும் சனிக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். தெருத் தாத்தாவிடம் சொன்னேன். "மலையில மழையான்னு பாத்துட்டு போன் பண்ணு" என்றார்.