மெயின்ஃபிரேம் நிரல்களுக்கு அளபுரு அனுப்புதல்

வெளிக் கணினி ஒன்று, ஐபிஎம் மெயின்ஃபிரேமில் இயங்கும் கோபோல் போன்ற பழைய நிரல்களுக்கு உள்ளீட்டு மதிப்புகளைக் கொடுக்கும் முறை.

தொகுதிப் பணிகளுக்கு, பணிகளை இயக்கும் ஜேசிஎல் கட்டளையின் 'பார்ம்' பகுதி ஒரு வழி. அதன் எல்லை 100 எழுத்துகள். நிரலுக்கு முதலில் கிடைப்பது 2 பைட் நீள எண், பிறகுதான் தரவு. நீளத்துக்கு இடம் ஒதுக்காத நிரல் அந்த எண்ணையும் தரவாகவே படித்துவிடும். 2013-இல் வெளியான மெயின்ஃபிரேம் இயக்க முறைமை இசட்/ஓஎஸ் 2.1, 'பார்ம்டிடி' வசதியால் எல்லையை 32,760 எழுத்துகளாக உயர்த்தியது.

உடனடிப் பரிவர்த்தனைகளுக்கான சிஐசிஎஸ் மென்பொருளில் 'காமேரியா' என்ற நினைவகப் பகுதி கைமாறுகிறது. அதில் புலங்களுக்குப் பெயர் கிடையாது, இடம் மட்டுமே உண்டு. ஒரு புலம் ஒரு பைட் குறைந்தாலும் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் நகர்ந்துவிடும். ஏறத்தாழ 32 கிலோபைட் என்ற அதன் வரம்பைத் தாண்டவே, 2005-இல் சேனல், கன்டெய்னர் வசதிகள் வந்தன.

உண்மையான சிக்கல் குறியாக்கத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்து 'ஏ' பிற கணினிகளின் ஆஸ்கி குறியாக்கத்தில் 65, மெயின்ஃபிரேமின் எப்சிடிக் குறியாக்கத்தில் 193. எழுத்துகளை அட்டவணை வைத்து மாற்றிவிடலாம். பொதிந்த வடிவிலோ இரும வடிவிலோ உள்ள எண்களை அப்படி மாற்றக் கூடாது. பொதிந்த பதின்ம வடிவில் 12345 மூன்றே பைட்டுகளில் அடங்கும், கடைசி அரை பைட் கூட்டல் கழித்தல் குறி. எழுத்தென்று எண்ணி அதை மாற்றினால் தொகை சிதைந்துவிடும். பைட் வரிசையும் கவனிக்கத்தக்கது: இன்டெல் கணினி 4 பைட்டில் அப்படியே அனுப்பும் 1, மெயின்ஃபிரேமில் 1,67,77,216 ஆகிறது.

ஆகவே இணைப்பு மென்பொருள்கள் புலங்களின் அமைப்பைச் சொல்லும் கோபோல் 'காப்பிபுக்' விவரிப்பைப் படித்து, புலம் புலமாக மாற்றுகின்றன.