அப்பாவின் கருமாதிக்குக் கர்ண மோட்சம்

"மாமா, கருமாதிக்கு யாராவது கூத்து வைப்பாங்களா?"

எங்க அப்பா இறந்த பதினாறாம் நாளுக்கு கர்ண மோட்சம் வைக்கலாம்னு சொன்னப்ப, சென்னையில வேலை பார்க்கிற என் அக்கா மகன் இப்படித்தான் கேட்டான். அவனுக்கு கூத்துன்னா திருவிழா வேடிக்கை.

எங்க தென்னேரி, உத்திரமேரூர், அந்தப் பக்கம் செய்யாறு வரைக்கும் ஒவ்வொரு கூத்துக் கதைக்கும் ஊரில் ஒரு வேலை உண்டு. மழை பொய்த்தால் விராட பர்வம். மழை வந்துச்சான்னு கேக்காதீங்க. இவ்வளவு பெரிய ஏரி வெடிச்சுக் கிடக்கும்போது ஊர்க்காரன் தனியா வீட்ல படுத்தா தூக்கம் வருமா? ஒரு ராத்திரியாவது எல்லாரும் ஒண்ணா முழிச்சிருப்போம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் கதைப் பிரசங்கம், ராத்திரி அதே கதை கூத்து. அர்ச்சுனன் தபசு அன்னைக்கு வேஷக்காரர் உயரமான தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். புள்ளை இல்லாத பொம்பளைங்க கீழே முந்தானை ஏந்தி நிப்பாங்க. முடிவில் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம், பிறகு தீமிதி.

சாவுக்கு கர்ண மோட்சம்.

அக்கா மகன் கிண்டலா போன்ல தேடினவன், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அகான் ஜனங்க சாவுக்கு அடோவா என்று ஒரு ஆட்டம் ஆடுவதை அவனே எடுத்துக் காட்டினான். கறுப்பும் சிவப்பும் உடுத்தி, மேளத்துக்கு மெதுவா கையை அசைச்சே துக்கம் சொல்றாங்க. "நம்மளதும் இதுதான்டா"ன்னேன். அப்புறம் பேசலை.

ராத்திரி பத்து மணிக்கு முகவீணை ஊத ஆரம்பிச்சாங்க. கர்ணன் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வந்தார். இந்தக் கட்டைகளை கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி கண்ணாடிச் சில்லு ஒட்டுவாங்க. லேசா இருந்தாத்தான் விடிய விடிய சுத்தி ஆட முடியும். தேரோட்டி மகன்னு கர்ணனை அவன் பொண்டாட்டி பொன்னுருவியே இளக்காரம் பண்ணுவா. போருக்குப் போகும்போதுதான் ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுவாங்க. விடியற நேரம் குந்தி ஓடி வந்து, செத்துக்கிட்டு இருக்கிறவனை மடியில் போட்டு, என் மகனேன்னு ஊரறிய அழுவா.

எங்க அம்மா பதினாறு நாளா அழலை. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு, வந்தவங்களுக்கு காபி போட்டுக்கிட்டு இருந்தாங்க. குந்தி ஒப்பாரி எடுத்ததும் முந்தானையால் வாயைப் பொத்தினாங்க. சுத்தி இருந்த பொம்பளைங்க எல்லாரும் அழுதாங்க. குந்தியா வேஷம் கட்டினது மீசை மழிச்ச ஒரு ஆம்பளைதான்.

பொண்ணுங்களும் கூத்து கத்துக்கிட்டது எங்க மாவட்டத்தில்தான். பி. ராஜகோபாலும் ஹன்னே எம். டி புரூனும் 1990ல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினாங்க. காஞ்சிபுரம் பக்கத்தில் 2002ல் அவங்க தொடங்கின குருகுலத்தில் பசங்களும் பொண்ணுங்களும் படிப்போட கூத்தும் கத்துக்கிட்டாங்க. 2020ல் அது மூடிட்டாங்க. 2025ல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும், பறைக்காக மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

பறையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பழசெல்லாம் போச்சேன்னு என்னை மாதிரி ஆளுங்க புலம்புவோம். ஆனா சாவுக்குப் பறை அடிக்கிறதை கலைன்னு யாரும் அவங்ககிட்ட கேட்டு வாங்கலை. இந்தத் தெருவில் பொறந்தா அடிச்சே ஆகணும்னு வச்சிருந்தோம். அவங்க புள்ளைங்க வரமாட்டோம்னு சொன்னது நியாயம்தான். கர்ணன் பொறப்பைச் சொல்லி இளக்காரம் பண்ணும்போது கண்ணீர் விட்ட இதே ஊர்தான் அப்படி வச்சிருந்துச்சு.

அப்பா சாவுக்கு வெளியூர்ப் பறைக்குழு வந்தது. கூலி பேசி, முன்பணம் வாங்கிட்டுத்தான் வந்தாங்க. நாற்காலி போட்டோம். எங்களோட ஒரே பந்தியில் சாப்பிட்டாங்க. எங்க தாத்தா சாவுக்கு அடிச்சவங்களுக்கு சோறு போட்டது தெருமுனையில், மண் தரையில். அப்ப எனக்கு எட்டு வயசு, வாளி தூக்கிட்டுப் போனது நான்தான்.