நாள் சரிபார்ப்பில் ரெஜெக்ஸின் எல்லை

ரெஜெக்ஸைக் கொண்டு ஒரு நாள் சரியானதா என்று அறியவே முடியாது என்ற கருத்து நிரலாளரிடையே வேரூன்றியிருக்கிறது. கோட்பாட்டளவில் இது பிழை. நான்கு இலக்க ஆண்டுகளுக்குள் அடங்கும் நாள்கள் எண்ணி முடிபவை. முடிவுள்ள எந்தச் சரத்தொகுதியும் ஒழுங்குமொழியே, அதாவது ரெஜெக்ஸால் விவரிக்கக்கூடியதே, என்பது 1956இல் ஸ்டீபன் கிளீனி வெளியிட்ட கோட்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. லீப் ஆண்டு விதியும் தடையன்று. ஆண்டு 4ஆல் வகுபடுமா என்பதைக் கடைசி இரண்டு இலக்கங்களே காட்டிவிடும். (0[48]|[2468][048]|[13579][26]) என்ற கோவை, 00 நீங்கலாக, அவற்றைப் பிடிக்கிறது. 00இல் முடியும் ஆண்டுகளுக்கு இதே கோவையை முதல் இரண்டு இலக்கங்களில் பொருத்தினால் 2000 தேறும், 1900 தேறாது.

முடிகிறது என்பதற்காக அப்படிச் செய்யலாமா? கூடாது என்பதே என் துணிபு. அந்தக் கோவையைப் படிப்பவருக்கு கிரிகோரியன் நாட்காட்டியின் விதி புலப்படாது. கடைசிப் பகுதியில் 6 என்ற ஒற்றை இலக்கம் விடுபட்டதாகக் கொள்வோம். 2016 பிப்ரவரி 29 மறுக்கப்படும், 2024 பிப்ரவரி 29 தேறிவிடும். சோதனைத் தரவில் 2024 மட்டும் இருந்தால் பிழை ஆண்டுக்கணக்கில் உறங்கும். மூன்று வகுத்தல்களாக எழுதிய விதியில் இப்படி ஒளிய இடமில்லை.

நாள்களைக் கையாளும் நிரல் நூலகமே போதும் என்பதும் முழு உண்மையாகாது. பைத்தானில் சரத்தை நாளாக மாற்றும் ஸ்ட்ரப்டைம் சார்பு 2023-02-29ஐ மறுக்கிறது. ஆனால் 2024-2-9 என்பதை, மாதத்துக்கும் நாளுக்கும் ஈரிலக்க வடிவம் கேட்டிருந்தாலும், ஏற்றுக்கொள்கிறது. வடிவத்தைக் காக்க ரெஜெக்ஸ் வேண்டும். அதிலும் கவனம் தேவை: பைத்தான் 3இல் இலக்கத்துக்கான சுருக்கக்குறி ௧, ௨ ஆகிய தமிழ் இலக்கங்களையும் ஏற்பதால் [0-9] என்றே எழுத வேண்டும். சரத்தின் முடிவைக் குறிக்கும் டாலர் குறி கடைசி வரிமுறிவுக்கு முன்னும் பொருந்திவிடும் என்பதால் ஃபுல்மேட்ச் சார்பே தக்கது.

நேரம் சேரும்போது நூலகத்தின் கணக்கும் தனியே போதாது. 23:59:60 தவறாகத் தோன்றும். ஆனால் 2016 டிசம்பர் 31 அன்று உலகப் பொது நேரமான யுடிசியில் அந்த நொடி இருந்தது. 1996 மே 25 பிறந்தபோது இலங்கை கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அன்று கொழும்பில் 00:30 என்ற நேரமே வரவில்லை. 2006 ஏப்ரல் 15 அன்று 00:30க்கு அரை மணி பின்னே நகர்த்தியதில் 00:10 இருமுறை வந்தது. இலங்கையின் இந்த மாற்றங்களைத் தீர்மானித்தவை அரசின் ஆணைகள். நடந்தவற்றை நேரவலயத் தரவுத்தளம் பதிந்து வைத்திருக்கிறது. இனி வரும் ஆணைகளை எந்தக் கோவையிலும் முன்கூட்டி எழுத முடியாது. ஆகவே, எதிர்கால நிகழ்ச்சி ஒன்றை உள்ளூர் நேரமாகவும் வலயப் பெயராகவும் சேமித்து, தரவுத்தளம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மீண்டும் சரிபார்க்க வேண்டும். பதிவு செய்த அன்று ஒருமுறை தேறியது போதாது.