கப்பல் டிக்கெட்டும் மதுரை மல்லியும்

அம்மாவுக்கு ஒரு தடவையாவது கப்பலில் போகணும்னு ஆசை. அவங்க அப்பா பினாங்குக்குக் கப்பலேறிப் போனவர். நாகப்பட்டினத்தில் சின்னப் பிள்ளையாக நின்று கையாட்டியதை இன்னமும் சொல்வாங்க. அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், மே மாத லீவில், சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு உல்லாசக் கப்பலில் நாலு ராத்திரிப் பயணம் போட்டோம். நான், வீட்டம்மா, இரண்டு பசங்க, அம்மா. டிசம்பரிலேயே புக் பண்ணியாச்சு. செலவில் ஒரு பங்கு அம்மாவோட நகைச்சீட்டுப் பணம். வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேட்கலை.

இரண்டாவது நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வந்தது வினை. எதிரில் உட்கார்ந்தவர் சிங்கப்பூரிலேயே குடியிருக்கும் ரிட்டையர்டு ஆசாமி, நம்ம தமிழர்தான். கூட அவர் மனைவி. "நீங்க எவ்வளவு கொடுத்தீங்க?" என்றார். நம்ம ஆட்கள் இதைக் கேட்காமல் இருப்பார்களா? சொன்னேன். சிரித்தார். அவர்கள் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால்தான் டிக்கெட் எடுத்தார்களாம். எங்களுக்குத் தலைக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

அம்மா அதற்கப்புறம் ஐஸ்கிரீமைத் தொடவில்லை. ரூமுக்கு நடக்கும்போது மெதுவாக, "ஏமாந்துட்டியாடா?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியலை. ஊருக்கு வந்ததும் இந்த விலை விவகாரத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட அது 1891ல் போய் நின்றது. அந்தக் கதைதான் இன்றைக்கு.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகக் கப்பலை விட்டால் கதியில்லை. கோடையில் கூட்டம் அம்மும். குளிர்காலத்தில் அட்லாண்டிக் கடல் பேயாட்டம் ஆடும், காசுள்ள முதல் வகுப்புக்காரர் எவரும் எட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் கப்பல் கட்ட வாங்கின கடனுக்கு வட்டி குளிர்காலத்திலும் ஓடும். மாலுமிக்குச் சம்பளம், துறைமுகத்துக்கு வாடகை, எல்லாம் ஓடும். ஓடாதது கப்பல் மட்டும்தான்.

ஜெர்மனியின் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியில் ஆல்பர்ட் பாலின் என்று ஒருவர். பயணிகள் பிரிவு அவர் கையில். சும்மா கிடக்கிற கப்பலை வெயில் இருக்கிற பக்கம் திருப்பினால் என்ன என்று யோசித்தார். 'அகஸ்டா விக்டோரியா' என்ற பெரிய கப்பல் 1891 ஜனவரி 22ஆம் தேதி குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. ஜிப்ரால்டர், ஜெனோவா, அலெக்சாண்டிரியா, யாஃபா, கான்ஸ்டான்டிநோபிள் என்று சுமார் இரண்டு மாதம் சுற்றிவிட்டு வந்தது. எங்கேயும் போய்ச் சேர்வதற்காக இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க! இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் வருஷா வருஷம் ஆள் சேர்ந்தது. 1900ல் இதற்கென்றே தனியாக 'பிரின்செஸின் விக்டோரியா லூயிஸ்' என்று ஒரு கப்பலைக் கட்டினார்கள்.

நியாயமாகச் சொன்னால் பாலினுக்கு முன்னோடி உண்டு. 1844லேயே பி அண்ட் ஓ கம்பெனி தன் கப்பல்களில் மத்தியதரைக் கடல் உலாவுக்கு விளம்பரம் செய்தது. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேக்கு ஓசி டிக்கெட் கொடுத்தது, அவர் போய்வந்து புத்தகமே எழுதினார். ஓசியில் போய்விட்டு எழுதும் வழக்கம் அப்பவே இருந்திருக்கு, நம்ம ஆட்களைக் குறை சொல்லாதீங்க :-)

நான் சொல்ல வந்தது இதுதான். கம்பெனிக்காரன் உல்லாசப் பயணத்தை முதலில் கண்டுபிடித்து, அதற்கப்புறம் சீசன் விலையை ஒட்டவைக்கலை. காலியான சீசனை எப்படி ஓட்டுவது என்ற கவலையில் வளர்ந்ததுதான் இந்தத் தொழிலே.

அட்லாண்டிக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அங்கே சீசன் திசையைப் பொறுத்தது. அமெரிக்கப் பணக்காரர்கள் கோடை ஆரம்பத்தில் ஐரோப்பாவுக்குப் போவார்கள், அப்போது கிழக்கே போகிற கட்டணம் ஏறும். கோடை முடிவில் திரும்புவார்கள், அப்போது மேற்கே போகிற கட்டணம் ஏறும். தீபாவளிக்கு முதல் நாள் சென்னையிலிருந்து மதுரை போகிற ஆம்னி பஸ்ஸும், அதே ராத்திரி மதுரையிலிருந்து சென்னைக்குக் காலியாக வருகிற பஸ்ஸும் ஞாபகம் வருதா? அதேதான்.

இந்த விலை ஏற்ற இறக்கம் கட்டுப்பாடு இல்லாமல் போகக்கூடாது என்று கப்பல் கம்பெனிகள் கூட்டாகப் பேசி வைத்திருந்தன. கூட்டு உடைந்தால் அடிதடி. 1904ல் பிரிட்டனின் குனார்டுக்கும் ஜெர்மன் கம்பெனிகளுக்கும் நடந்த கட்டணப் போரில், கீழ்த்தட்டுப் பயணிகளின் டிக்கெட் 2 பவுண்டு வரைக்கும் விழுந்தது. 1924ல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கியதும் அந்தக் கீழ்த்தட்டே காலி. உடனே அதே இடத்துக்கு வெள்ளையடித்து, 'டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு' என்று பேர் வைத்து மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் விற்றார்கள். காலிக் கட்டிலைக் கண்டால் கப்பல்காரனுக்குத் தூக்கம் வராது.

1958ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்ததும் பயணிகள் மேலே பறந்துவிட்டார்கள். கப்பல் தொழில் அறுபதுகளின் கடைசியில் மயாமிக்குப் போய், கரீபியன் தீவுகளைச் சுற்றும் உல்லாசத் தொழிலாகத் திரும்ப எழுந்தது. அங்கே சீசன் தலைகீழ். வடக்கே பனி கொட்டும்போது கரீபியனில் விலை ஏறும். புயல் காலத்தில், முக்கியமாகப் பள்ளிக்கூடம் திறந்துவிட்ட செப்டம்பரில், இறங்கும். அலாஸ்காவில் மே முதல் செப்டம்பர் வரைதான் வியாபாரம். அதனால் கப்பல்கள் பறவை மாதிரி வலசை போகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு இடம் மாறும்போது, பல நாள் நடுக்கடலிலேயே போகும் பயணத்தை மலிவாகக் கொடுப்பார்கள். எப்படியும் போயாகணும், காலியாகப் போவானேன்?

நம்ம பக்கத்திலும் இதே கதை உண்டு. 2022 ஜூனில் கார்டீலியா கப்பல் சென்னைக்கு வந்ததே, ஏன் ஜூனில்? மும்பை, கோவா பக்கம் தென்மேற்குப் பருவமழை. அரபிக்கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரைக்கு வந்தது. பாலின் போட்ட அதே கணக்கு, 131 வருஷம் கழித்து.

சரி, சீசன் புரிந்தது. ஆனால் நானும் அந்த ரிட்டையர்டு ஆசாமியும் ஒரே சீசன், ஒரே கப்பல், ஒரே நாள். மாறியது புக் பண்ணின தேதி மட்டும். அதற்கு வேற கதை. அது கடலில் பிறக்கலை, ஆகாயத்தில் பிறந்தது.

எழுபதுகளின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் விமானக் கம்பெனி பிஓஏசி, 21 நாள் முன்னால் புக் பண்ணினால் விலை குறைவு என்று அறிவித்தது. உடனே ஒரு சிக்கல். மலிவு டிக்கெட்டை எத்தனை பேருக்குக் கொடுப்பது? எல்லாவற்றையும் மலிவாக விற்றால், கடைசியில் முழுக்காசோடு வருகிறவனுக்கு இடமிருக்காது. கொஞ்சமாக விற்றால் சீட் காலியாகப் பறக்கும். அங்கே வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972ல் ஒரு விதி சொன்னார். ரொம்ப சிம்பிள். முழு விலை 10,000 ரூபாய், மலிவு விலை 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த சீட் பின்னாடி முழு விலைக்குப் போக 40 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால், மலிவாகக் கேட்பவனுக்கு இல்லைன்னு சொல்லு. குறைவாக இருந்தால் கொடுத்துவிடு. இவ்வளவுதான்!

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆயுதமாக்கியது. 1985ல் அவர்கள் விட்ட சூப்பர் சேவர் கட்டணத்தில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விலைக் கம்பெனி ஆட்டம் கண்டு, சுமார் இரண்டு வருஷத்தில் காணாமல் போனது. அப்புறம் ஓட்டல், கப்பல் எல்லாருக்கும் இந்தக் கணக்கு பரவியது.

ஆனால் விமானத்தில் கடைசி நேரம் என்றால் விலை எகிறும். கப்பலில் ஏன் சில சமயம் கவிழ்கிறது? யோசித்துப் பாருங்கள். நாளைக்கே டெல்லி போயாகணும் என்று ஆபீஸ்காரர் வருவார், சாவு வீட்டுக்குப் போகிறவர் வருவார். அவசரம் அவர்களை எந்த விலைக்கும் வாங்க வைக்கும். அவசரமாக உல்லாசக் கப்பல் ஏற வேண்டிய கட்டாயம் யாருக்கு உண்டு? கடைசி வாரத்தில் வருகிறவர், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, லீவு கேட்க வேண்டியில்லாத, ரிட்டையர்டு மனுஷர். விலை இறங்கினால்தான் வருவார்.

இன்னொரு காரணமும் உண்டு. ஏறினவர் உள்ளே செலவழிப்பார். பார், சூதாட்ட மேஜை, மசாஜ், கரையில் ஊர் சுற்றிக் காட்டும் டூர். 2019ல் கார்னிவல் கார்ப்பரேஷனின் வருமானம் சுமார் 2,080 கோடி டாலர். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட் அல்லாத இந்த மாதிரி வரவு. ஆக, காலி ரூமைவிட பாதி விலை ஆசாமி மேல்.

ஆனால் இப்படிக் குறைத்தால் என்னை மாதிரி முன்கூட்டி வாங்கினவன் வயிறு எரியும், அடுத்த தடவை அவனும் காத்திருப்பான். ராயல் கரீபியன் 2015ல் கடைசி நேரத் தள்ளுபடியை நிறுத்தப் போவதாக அறிவித்ததற்கு இதுதான் காரணம்.

இப்போ என் விஷயத்துக்கு வருவோம். எனக்கு வேண்டியது மே மாதம், ஒரு குறிப்பிட்ட வாரம், அடுத்தடுத்த இரண்டு ரூம், அதில் ஒன்றில் மூன்று கட்டில். மூன்று கட்டில் ரூம் கப்பலில் கம்மி, முதலில் தீர்வது அதுதான். நம்மூர் லீவுக் கூட்டம் வரும் என்று கம்பெனி கணக்குப் போட்டு விலையை ஏற்றி வைத்திருக்கும் என்பது என் யூகம். சில இரட்டை ரூம்கள் மிஞ்சியிருக்கும், கடைசியில் தள்ளிவிட்டிருப்பார்கள். அந்தப் பெரியவரே அடுத்த நாள் சொன்னார், இதற்கு முன் அவர் காத்திருந்த இரண்டு பயணங்கள் விலை இறங்காமலேயே நிரம்பிப் போச்சாம். எந்த ரூம் என்பதையும் கம்பெனிதான் முடிவு பண்ணியது. போகாமல் போகவும் தயாராக இருந்தார், அதற்குக் கிடைத்த விலை அது. என்னால் அம்மாவிடம், "விலை இறங்கலை, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்க முடியாது.

உங்களுக்கு உபயோகமாக: தேதியும் ரூமும் மாறக்கூடாது என்றால் முன்னாலேயே எடுங்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் முழுப்பணம் கட்டும் கெடு வரும். அப்போது பலர் ரத்து செய்வார்கள், விலை ஆடும். கெடுவுக்கு முன் விலை இறங்கியிருந்தால் சில கம்பெனிகள் கேட்டால் குறைத்துக் கொடுக்கும். நான் கேட்கவே இல்லை. அது என் தப்பு.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் விளக்கினேன், பாலின், லிட்டில்வுட் எல்லாம் சேர்த்து. பொறுமையாகக் கேட்டுக்கொண்டே பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்கு ஜெர்மனிக்குப் போகணுமா? முகூர்த்த நாள்ல மாட்டுத்தாவணியில மல்லி ஒரு விலை, ராத்திரி கூடையில மிஞ்சினா ஒரு விலை. ராத்திரிப் பூ வேணாம்னுதானே உன் கல்யாணத்துக்கு விடியக்காலை நாலு மணிக்குப் போய் நின்னேன்?"

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஐஸ்கிரீமைச் சாப்பிட்டிருக்கலாம்" என்றார்கள்.

கொசுறு: அம்மா இப்போ இலங்கைக்குக் கப்பலில் போகணும்னு கேட்கிறாங்க. உங்களில் யாராவது முன்கூட்டி எடுத்து வயிறெரிந்தவர்களோ, கடைசி நிமிஷத்தில் வாங்கி ஜெயித்தவர்களோ இருந்தால் சொல்லுங்க. விலையை மட்டும் அம்மாவுக்குக் கேட்காத மாதிரி சொல்லுங்க :-)